மூங்கிலில் அம்பு செய்வோம்: தண்டு சீவுவதில் இருந்து இறகு கட்டுவது வரை

வில் வாங்கியாயிற்று, அம்புக்குத்தான் திண்டாட்டம் என்பவர்களுக்கான விளக்கம் இது. 30 பவுண்டு இழுவிசை உள்ள சாதாரண மர வில், வலது கை வில்லாளி என்று வைத்துக்கொண்டு அளவுகளைச் சொல்கிறேன். கொல்லிமலையில் ஆடி மாதம் வல்வில் ஓரி விழா நடத்துகிறார்களே, அந்த ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகச் சங்கப் பாட்டு சொல்கிறது. நமக்குச் சாக்குப் பொதியில் நேராகப் போய்க் குத்தினால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகச் செய்பவர்கள் இறகிலும் சாயத்திலும் மனசைக் கொடுத்துவிட்டு, தண்டை அவசரமாக முடித்துவிடுகிறார்கள். வேலையில் முக்கால்வாசி தண்டுதான். ஒரு அம்பு அழகாக இருந்து பயனில்லை, செய்கிற ஆறு அம்பும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்போதுதான் தப்பு கையிலா அம்பிலா என்று தெரியும்.

மூங்கில்

ஏணியும் பந்தல் காலும் விற்கிற மூங்கில் கடைக்குப் போங்கள். "ஏனுங்கண்ணா, நல்லா முத்துன கட்டையா, கணு தள்ளித் தள்ளி இருக்கறதா பாத்துக் குடுங்க" என்று கேட்டால் எடுத்துப் போடுவார்கள். கல் மூங்கிலாக இருந்தால் நல்லது. சதை தடிமனாக இருக்கும், உறுதியும் அதிகம். சத்தியமங்கலம் பக்கம் காட்டில்தான் நிறைய நிற்கிறதே என்று வனத்துறை நிலத்தில் கை வைக்காதீர்கள். பட்டா நிலத்து மூங்கிலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 2017-ல் வனச்சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை மரம் என்ற கணக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

பச்சை மூங்கில் வேண்டாம். இரண்டு மூன்று மாதம் நிழலில் காய்ந்திருக்க வேண்டும். மாவு மாதிரி தூள் கொட்டினால் உளுத்துவிட்டது என்று அர்த்தம், அதை அடுப்புக்குப் போடுங்கள்.

தப்பையைத் தண்டாக்குவது

கொடுவாளை மூங்கிலின் தலையில் வைத்து, கட்டையால் தட்டிப் பிளந்தால் நூல் பிடித்த மாதிரி இறங்கும். 12 மி.மீ. அகலத்தில் பத்துத் தப்பை, அதாவது பிளந்த பட்டை, எடுங்கள். ஆறு அம்புக்குப் பத்து, ஏனென்றால் நான்கு எப்படியும் வீணாகும். நீளத்துக்குக் கணக்கு எளிது. இரண்டு கையையும் விரித்து விரல் நுனியிலிருந்து விரல் நுனி வரை அளந்து, 2.5-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட உங்கள் இழுப்பு நீளம், அதாவது நாணை முழுதாக இழுக்கும்போது தேவைப்படும் அம்பின் நீளம். அதோடு 5 செ.மீ. சேருங்கள். வெட்டும்போது, நாண் மாட்டும் வால் முனையிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளி ஒரு கணு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் விரிசல் ஓடாமல் அதுதான் தடுக்கும்.

இரண்டு ரீப்பர் கட்டைகளின் ஓரத்தைச் சாய்வாகச் சீவி ஒட்ட வைத்தால் நடுவில் நீளமாக ஒரு முக்கோணப் பள்ளம் கிடைக்கும். தப்பையை அதில் படுக்க வைத்து இழைப்புளி போடுங்கள். முதலில் சதுரம், அப்புறம் நான்கு மூலையையும் சீவி எட்டுப் பட்டை, அதன்பின் உப்புத்தாளை உள்ளங்கையில் வைத்துச் சுழற்றி உருட்டை. சதையை உள்பக்கத்தில் கழியுங்கள். பச்சைத் தோலை ஒட்டிய பக்கத்தில்தான் நார் நெருக்கம், அங்கே குறைவாகச் சீவினால் போதும். கணுவில் நார் நெளிந்து ஓடும் என்பதால் இழைப்புளி பிய்த்துவிடும். அந்த இடத்தில் மட்டும் அரம்.

இப்போதைக்கு 9 மி.மீ. தடிமனில் நிறுத்துங்கள். மீதியை விறைப்பு பார்த்துக்கொண்டே குறைக்கலாம்.

நேராக்குவது

தண்டை ஒரு கண்ணால் துப்பாக்கி பார்ப்பது போலப் பாருங்கள், வளைவு எங்கே என்று தெரிந்துவிடும். அந்த இடத்தில் கொஞ்சம் நல்லெண்ணெய் தடவி, கரி அடுப்பிலோ சின்னத் தீயிலோ சுழற்றிக்கொண்டே காட்டுங்கள். கையில் பிடிக்க முடியாத சூடு வந்ததும் எதிர்ப்பக்கம் சற்று அதிகமாகவே வளைத்து, ஆறும் வரை அப்படியே பிடித்திருங்கள். பாதி ஆறுமுன் விட்டால் பழைய வளைவுக்கே திரும்பிவிடும். பழுப்பு ஏறலாம், கருகக் கூடாது. கடப்பாக் கல்மேல் உருட்டினால் தட்தட் என்று சத்தம் வராத வரைக்கும் செய்யுங்கள். சலிப்பான வேலைதான். இரண்டு நாள் கழித்து மறுபடி பாருங்கள், ஒன்றிரண்டு முரண்டு பிடித்திருக்கும்.

விறைப்பு

அம்பு வில்லின் பக்கவாட்டில் உட்கார்ந்திருக்கிறது, நாணோ நடுவை நோக்கி ஓடுகிறது. அதனால் விட்டவுடன் தண்டு பாம்பு மாதிரி நெளிந்து, வில்லின் பிடியைச் சுற்றிக்கொண்டு வெளியே போகிறது. 1930-களில் அதிவேகக் கேமராவில் படம் எடுத்து இதைக் கண்ணாலேயே பார்த்துவிட்டார்கள். நெளிவு வில்லின் பலத்துக்குப் பொருந்த வேண்டும். விறைப்பு அதிகமானால் வலது கைக்காரருக்கு அம்பு இடதுபக்கம் போகும், குறைந்தால் வலதுபக்கம்.

அளக்க இரண்டு ஆணி போதும். சுவரில் 66 செ.மீ. இடைவெளியில் அடித்து, தண்டை மேலே வையுங்கள். ஒரு தண்ணீர் பாட்டிலில் தண்ணீரைக் கூட்டிக் குறைத்து 907 கிராமுக்குக் கொண்டுவந்து தண்டின் நடுவில் தொங்கவிடுங்கள். எத்தனை மி.மீ. தாழ்கிறது என்று பாருங்கள். 660-ஐ அந்த எண்ணால் வகுத்தால் விறைப்பு பவுண்டில் வரும். 19 மி.மீ. தாழ்ந்தால் ஏறக்குறைய 35 பவுண்டு, 22 தாழ்ந்தால் 30. நம் வில்லுக்கு 30-க்கும் 35-க்கும் நடுவில் கிடைத்தால் போதும். மூங்கிலில் இது 8 மி.மீ. தடிமனை ஒட்டியோ சற்றுக் கீழேயோ வரும். உப்புத்தாளில் நாலு இழுப்பு, அளவு, மறுபடி நாலு இழுப்பு. எடுத்ததை ஒட்ட வைக்க முடியாது என்பதால் இதில் மட்டும் கருமித்தனம் வேண்டும். அளக்கும்போது தோல் பக்கம் உங்களைப் பார்த்தோ சுவரைப் பார்த்தோ இருக்கட்டும். காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

நாண் மாட்டும் வெட்டு, இரும்பு முனை

மூன்று ஆக்சா பிளேடுகளைச் சேர்த்து டேப் சுற்றினால், தண்டின் வால் முனையில் நாண் தடிமனுக்கு ஒரே இழுப்பில் வெட்டு விழும். ஆழம் 7 மி.மீ. வெட்டு, தோல் பக்கத்தைக் குறுக்கே கடந்து போக வேண்டும். அதாவது அம்பை நாணில் மாட்டினால் தோல் பக்கம் மேலே இருக்கும், நாரின் அடுக்குகளை நாண் பிளக்காது. அப்போது தண்டு நெளிவது பக்கவாட்டில். விறைப்பையும் அதே திசையில் அளக்கச் சொன்னது அதனால்தான். உள்விளிம்பை மெல்லிய அரத்தால் மழுக்குங்கள், இல்லாவிட்டால் நாணை அறுக்கும். அம்பு நாணில் தானாகத் தொங்க வேண்டும், விரலால் ஒரு தட்டு தட்டினால் விழ வேண்டும். அந்த இறுக்கம் சரி. வெட்டுக்குக் கீழே ஒரு செ.மீ. நீளத்துக்கு நூல் சுற்றிப் பசை பூசுங்கள்.

முனைக்குக் கோயம்புத்தூர்க்காரர்கள் கவலைப்பட வேண்டாம், தெருவுக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. அந்தக் காலத்திலேயே ஈரோடு பக்கம் கொடுமணலில் இரும்பு உருக்கிய வட்டாரம் ஆயிற்றே இது! 8 மி.மீ. கம்பியில் 30 மி.மீ. நீளம், கடைசி 10 மி.மீ. கூம்பு, பின்னாலிருந்து 5 மி.மீ. துளை 15 மி.மீ. ஆழம் என்று எழுதிக் கொடுங்கள். ஒன்று 7 கிராம் அளவுக்கு வரும். தண்டின் நுனியை 5 மி.மீ.க்குச் சீவி அரால்டைட் போட்டுச் செருகுங்கள். தட்டையான அலகு முனை கேட்காதீர்கள். அது வேட்டைக்கானது, வேட்டை 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்.

எடையில் ஒரு விதி: வில்லின் ஒரு பவுண்டுக்கு அரை கிராமாவது அம்பு இருக்க வேண்டும். அதற்கும் இலேசான அம்பு வில்லையே உடைக்கும். மூங்கிலில் அந்தப் பயமில்லை, இரட்டிப்பாகவே இருக்கும். ஆறுக்குள் ஒன்றிரண்டு கிராமுக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொண்டால் சரி.

இறகு கட்டும் முன், பத்து மீட்டரில் ஒவ்வொரு தண்டையும் வெறுமனே எய்து பாருங்கள். வால் இடதுபக்கமோ வலதுபக்கமோ ஒதுங்காமல் நேராகக் குத்தினால் தண்டு தேறிவிட்டது.

இறகு

வான்கோழியின் இறக்கைச் சிறகுதான் வேண்டும். நாமக்கல், ஈரோடு பக்கம் வான்கோழி வளர்ப்பவர்களிடம் சொல்லி வைத்தால் பை நிறையக் கிடைக்கும். நாட்டுக்கோழிச் சிறகு மெத்தென்று மடங்கிவிடும். தோட்டம் தோட்டமாக மயில் திரிகிறதே என்று தோன்றும். மயில் அதே வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, அந்தப் பேச்சே வேண்டாம்.

ஒரு அம்பில் எல்லாம் ஒரே பக்க இறக்கையாக இருக்க வேண்டும். சிறகின் மேல்பக்கம் மேலே, நுனி உங்களுக்கு எதிர்ப்பக்கமாக நீட்டிப் பிடியுங்கள். அகன்ற மடல் இடதுபுறம் இருந்தால் அது இடது இறக்கை. நமக்குத் தேவை அந்த அகன்ற மடல். காம்பின் அடியில் ஓடும் பள்ளத்தில் பிளேடு வைத்து நீளவாக்கில் பிளந்து, அடியை உப்புத்தாளில் தேய்த்துத் தட்டையாக்குங்கள். மடங்கிய சிறகை இட்லிப் பானை ஆவியில் காட்டினால் நிமிர்ந்துகொள்ளும். 10 செ.மீ. நீளத்துக்கு அட்டையில் ஒரு அச்சு வெட்டி, கத்தரிக்கோலால் எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப நறுக்குங்கள்.

தண்டைச் சுற்றிக் காகிதத் துண்டு ஒன்றைச் சுற்றி, அந்த நீளத்தை மூன்றாக மடித்துக் குறியிட்டால் மூன்று இறகுக்கும் இடம் தெரியும். முதல் இறகு நாண் வெட்டுக்குச் செங்குத்தாக, வில்லுக்கு வெளிப்பக்கம் பார்க்கும். வால் முனையில் 3 செ.மீ. விட்டுவிடுங்கள், விரல் பிடிக்க இடம் வேண்டும். முனையிலிருந்து வாலை நோக்கித் தடவினால் இறகு வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எதிர்த்தால் திருப்பி வைத்திருக்கிறீர்கள். மூன்றையும் ஒரே பக்கமாக ஒரு நூலளவு சாய்த்து வைத்தால் அம்பு சுழன்று போகும்.

ஃபெவிகால் தடவி, இரண்டு நுனியிலும் நூல் கட்டுங்கள். அப்புறம் முன்பக்கத்திலிருந்து ஆறு மி.மீ.க்கு ஒரு சுற்றாக நூலை மேலேற்றுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஊசி முனையால் இறகின் இழைகளைப் பிரித்து, நூலைக் காம்புவரை உட்கார வைத்து, இழைகளை விரலால் நீவி மூடுங்கள். பவானி ஜமக்காளத் தறியில் மிஞ்சுகிற பருத்தி நூல் கிடைத்தால் திவ்யம், இல்லாவிட்டால் தையல்கடை நூலை இரண்டு புரியாகப் போடலாம். இறகின் முன்நுனியை மட்டும் ஊசிபோலச் சீவி, நூலுக்குள் முழுவதும் புதைத்துவிடுங்கள். அது எழும்பி நின்றால் அம்பு போகும்போது வில் பிடித்த கையின் தோலைக் கிழித்துக்கொண்டு போகும்.

எய்யும் முன்

தென்னை நார்க்கழிவைச் சாக்கில் இறுக்கித் திணித்தால் நல்ல இலக்கு, பொள்ளாச்சிப் பக்கம் அதற்குப் பஞ்சமே இல்லை. பின்னால் மண்மேடோ சுவரோ இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் எய்யும் முன் அம்பைக் காதருகே பிடித்து இலேசாக வளையுங்கள். சிறு நெறிப்புச் சத்தம் கேட்டாலும் உடைத்துப் போட்டுவிடுங்கள். விரிசல் கண்ட அம்பு வில்லிலேயே உடைந்து கையில் ஏறும். தண்டுக்கு மாதம் ஒருமுறை தேன்மெழுகு தேய்த்து, இறகு ஒன்றோடொன்று நசுங்காமல் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். பக்கத்தில் இரண்டு அந்துருண்டை போட்டால் பூச்சி அரிக்காது.