வல்லூறா, பெஸ்ராவா? முதலில் தொண்டையைப் பாருங்கள்

கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு போனால் அது பிராந்து. எங்கள் ஆச்சிக்கு அதற்கு மேல் வகைப்பாடு தேவைப்பட்டதில்லை. கேமரா வாங்கிய பிறகுதான் எனக்கு வம்பு வந்தது. குமரி மாவட்டத்துக் கீரிப்பாறைப் பக்கம் ரப்பர் மரக்கிளையில் இருந்த வேட்டைப் பறவை ஒன்றைப் படமெடுத்து, ‘பெஸ்ரா’ என்று எழுதி நண்பருக்கு அனுப்பினேன். வல்லூறைப் போலவே இருக்கும் காட்டுப் பறவை அது. “வல்லூறுதான் மக்கா, இளசு. வால் தெரியுற படம் இருக்கா?” என்று கேட்டார். இருந்தது. மங்கலாக விழுந்தது என்று முந்தின ராத்திரிதான் அழித்திருந்தேன்.

அதனால் இந்த விளக்கத்தின் முதல் படி வீட்டில்தான்: அடையாளம் உறுதியாகும் வரை ஒரு படத்தையும் அழிக்காதீர்கள். அழகான படம் ஒன்று போதும். அடையாளம் காண அசிங்கமான படங்கள் நாலைந்து வேண்டும்.

நம் மாவட்டத்தில் ஒன்றைப் போல ஒன்று இருந்து குழப்புகிறவர்கள் மூன்று பேர். ஷிக்ரா எனப்படும் வல்லூறு எங்கும் உண்டு: தென்னை விளை, தேரூர்க் குளக்கரை, நாகர்கோவில் தெரு மரங்கள். பெஸ்ராவும் கொண்டை வல்லூறும் காட்டுப் பறவைகள். மாறாமலை, காளிகேசம் போன்ற மலைப்பக்கம்தான் அவற்றை நினைக்க வேண்டும். ஊருக்குள் எடுத்த படத்தைப் பார்த்து ‘பெஸ்ரா’ என்று தோன்றினால், அது வல்லூறு இல்லை என்று முதலில் நிரூபியுங்கள்.

அது வல்லூறு இனம்தானா?

சிரிக்காதீர்கள், அக்கா குயிலிடம் ஏமாறாதவர் குறைவு. சாம்பல் முதுகு, வரி போட்ட வயிறு, பட்டை போட்ட வால் எல்லாம் வல்லூறின் அச்சு. பறந்து வந்து உட்காருவதும் அப்படியே. அலகைப் பெரிதாக்கிப் பாருங்கள். வல்லூறின் அலகு அடியிலிருந்தே வளைந்து கொக்கியாக இறங்கும்; குயிலுக்கு ஒல்லியாக, ஏறக்குறைய நேராக இருக்கும். விரல்களும் சொல்லிவிடும்: வல்லூறுக்கு முன்னால் மூன்று, பின்னால் ஒன்று, குயிலுக்கு முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

தொண்டைக் கோடு

தாடையிலிருந்து மார்பு வரை, தொண்டையின் நடுவே ஒரு கோடு இறங்கும். வளர்ந்த வல்லூறுக்கு அது பென்சிலால் லேசாக இழுத்தது போல மெல்லிய சாம்பல் கோடு. சில படங்களில் தெரியவே தெரியாது. பெஸ்ராவுக்கும் கொண்டை வல்லூறுக்கும் மார்க்கர் பேனாவால் போட்டது போலக் கருமையாக, தடிமனாக இருக்கும்.

இதோடு முடிந்தால் நான் அன்றைக்கு மூக்குடைபட்டிருக்க மாட்டேன். இளம் வல்லூறுக்கும் தொண்டைக் கோடு நன்றாகவே தெரியும். மார்பில் பழுப்புத் துளிகள் வேறு இறங்கும். எனவே கோடு தடிமனாகத் தெரிந்தால் உடனே முடிவு செய்யாமல், பறவை இளசா என்று பாருங்கள். முதுகு நீலச்சாம்பலாக இல்லாமல் பழுப்பாக, இறகு ஓரங்கள் வெளிறி இருந்தால் பெரும்பாலும் இளசுதான். அப்போது தொண்டையை விட்டுவிட்டு வாலுக்குப் போங்கள்.

தொண்டை கிடைக்க வேண்டுமானால் பறவை உங்களை நோக்கி இருக்க வேண்டும். முதுகை எடுத்துவிட்டுத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். இரண்டு நிமிடம் பொறுத்தால் அதுவே தலையைத் திருப்பும். அருகில் போனால் எழுந்து போய்விடும்.

வால் பட்டைகள்

வாலில் கறுப்புப் பட்டையையும், இரண்டு பட்டைக்கு நடுவில் உள்ள வெளிர் இடைவெளியையும் ஒப்பிடுங்கள். வல்லூறுக்குக் கறுப்பு ஒல்லி, இடைவெளி அகலம். பெஸ்ராவுக்குக் கறுப்பும் இடைவெளியும் கிட்டத்தட்டச் சமம். வளர்ந்த வல்லூறின் நடுவால் இறகுகளில் பட்டை இல்லாமலும் இருக்கலாம். மூடிய வாலை மேலிருந்து பார்த்தால் வெறும் சாம்பலாகத் தெரியும். ஆகவே வால் விரிகிற நேரம் முக்கியம். எழும்பும்போதும் உட்காரும்போதும் விரியும். பறவை தலையைத் தாழ்த்தி, உடம்பை முன்னால் சாய்த்தால் எழும்பப் போகிறது என்று அர்த்தம். தொடர் படப்பிடிப்பை அப்போதே அழுத்துங்கள்.

தலைக்கு மேல் வட்டமிட்டால்

சிறகின் நுனியில் விரல் போலப் பிரிந்து நிற்கும் இறகுகளை எண்ணுங்கள். வல்லூறுக்கும் பெஸ்ராவுக்கும் ஐந்து, கொண்டை வல்லூறுக்கு ஆறு. சிறகின் அடிப்பக்கம் வல்லூறுக்கு வெளுப்பாக, நுனி மட்டும் கறுத்து இருக்கும். பெஸ்ராவுக்கு அடிப்பக்கம் முழுக்க வரி. கொண்டை வல்லூறுக்கு வாலின் அடியில் பஞ்சு போன்ற வெள்ளை இறகு இரண்டு பக்கமும் பிதுங்கும், அகலமான சிறகு உடம்போடு சேரும் இடத்தில் ஒடுங்கும்.

வானம் பின்னணியானால் பறவை கறுத்துப்போகும். எக்ஸ்போஷரை +1 ஏற்றுங்கள், ஷட்டர் 1/2000, ஃபோகஸ் தொடர் முறையில். வானம் வெளுத்துப் போகட்டும், நமக்கு வேண்டியது வயிற்று வரிகள். ரா (RAW) கோப்பாக எடுத்தால் இருண்ட பகுதியைப் பிறகு கணினியில் வெளிச்சமாக்கலாம்.

நம்பக் கூடாதவை

அளவை நம்பாதீர்கள். இந்த இனங்களில் பெண் ஆணைவிடப் பெரியது. பெண் வல்லூறும் ஆண் பெஸ்ராவும் பக்கத்தில் வைத்தால் ஒரே அளவுதான். நிறமும் அப்படியே: ரப்பர் தோட்டத்து இலை நிழலில் எல்லாமே பச்சை பாய்ந்து தெரியும், மாலை வெயிலில் சாம்பல் பழுப்பாகும். குரலுக்கும் உத்தரவாதம் இல்லை, கரிச்சான் வல்லூறின் குரலை அப்படியே எடுத்துக் கத்தும். நான் மரத்தைச் சுற்றிச் சுற்றித் தேடியதெல்லாம் ஒரு நாள் கரிச்சானுக்காக.

பழைய கையேட்டில் மூன்றும் ‘அக்சிபிடர்’ பேரினத்தில் இருக்கும். 2024இல் பெரிய பறவைப் பட்டியல்கள் வல்லூறையும் பெஸ்ராவையும் ‘டாக்கிஸ்பைசா’வுக்கு மாற்றின. தேடும்போது இரண்டு பெயரும் போட்டுப் பாருங்கள்.

தொண்டையும் தெரியவில்லை, வாலும் மூடியிருக்கிறது என்றால் கோப்பின் பெயரில் தேதி, இடம், அதன்பின் ‘வல்லூறு/பெஸ்ரா’ என்று சாய்கோடு போட்டு வைத்துவிடுங்கள். என் கணினியில் அப்படிப் பெயரிட்ட கோப்புறைதான் இப்போதைக்கு மிகப் பெரியது.