எஞ்சின் வகைக்கு ஏற்பக் கார் சர்வீஸைத் திட்டமிடும் முறை

காருடன் தரப்படும் கையேட்டில் பராமரிப்பு அட்டவணை ஒன்று இருக்கும். பல கையேடுகளில் அதை ஒட்டியே, கடினமான சூழலில் ஓடும் வண்டிகளுக்கான தனிக் குறிப்பும் அச்சாகியிருக்கும். பெரும்பாலோர் "10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு" என்ற முதல் வரியோடு நின்றுவிடுகிறார்கள். தூசி, கடும் வெயில், நெரிசலில் ஊர்தல், எஞ்சின் முழுச் சூடாகும் முன்பே முடிந்துவிடும் குறுந்தூர ஓட்டம், அடிக்கடி மலையேற்றம் ஆகியவையே கடினமான சூழல் எனக் கையேடுகள் சொல்பவை. கோவை, திருப்பூர், பொள்ளாச்சி வட்டாரத்தில் ஓடும் கார்களில் பெரும்பான்மைக்கு இவற்றில் குறைந்தது இரண்டேனும் பொருந்தும் என்பதால், நாம் திட்டமிட வேண்டியது அந்தத் தனிக் குறிப்பிலிருந்துதான்.

முதலில், ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, அதில் நகருக்குள் எவ்வளவு, நெடுஞ்சாலையில் எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். கிலோமீட்டரும் மாதமும் தரப்பட்டிருந்தால், எது முதலில் வருகிறதோ அதுவே கெடு. ஆண்டுக்கு 4,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடிய காரின் ஆயிலும் ஈரத்தாலும் எரியாத எரிபொருளாலும் கெட்டுப்போகும்.

டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் விசிறி, இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்குக் கையேட்டின் கெடுவே பெரும்பாலும் போதும். ஸ்பார்க் பிளக் சாதாரண வகையா, இரிடியம் வகையா என்பதை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். முன்னதை ஏறத்தாழ 40,000 கிலோமீட்டருக்குள் மாற்ற வேண்டியிருக்கும், பின்னது ஒரு லட்சம் வரைகூட உழைக்கும். டர்போ பெட்ரோலுக்கு இந்தத் தாராளம் கூடாது. டர்போவின் சுழல்தண்டு எஞ்சின் ஆயிலையே நம்பி, மிகுந்த வெப்பத்தில், நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளுக்கு மேல் சுழல்கிறது. நகருக்குள் மட்டும் ஓடும் டர்போ காருக்கு 7,500 கிலோமீட்டரில் ஆயில் மாற்றுவதையே நான் பரிந்துரைப்பேன். மலையேறி நின்றதும் உடனே சாவியைத் திருப்பாமல், ஒரு நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணைப்பதும் நல்லது.

அதிகக் கவனம் கேட்பது டீசல். 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 என்னும் புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்த பிறகு, டீசல் கார்களின் புகைபோக்கிப் பாதையில் கரித்துகளைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் என்னும் வடிகட்டி இடம்பெற்றுள்ளது. சேர்ந்த கரியை எரித்துத் தீர்க்க அதற்குக் கடும் வெப்பமும் சீரான ஓட்டமும் தேவை. வீட்டிலிருந்து கடைக்கும் பள்ளிக்கும் மட்டும் போய்வரும் வண்டிக்கு இது வாய்ப்பதில்லை. கரியை எரிப்பதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சப்படும் டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலில் கலக்கிறது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, சற்று நேரம் கழித்து, ஆயில் அளவைக் காட்டும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து மீண்டும் விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் மேல் குறியைத் தாண்டியிருந்து டீசல் வாடையும் அடித்தால், கிலோமீட்டர் கணக்கைப் பார்க்காமல் உடனே மாற்றிவிட வேண்டும். ஆயிலும் டிபிஎஃப் வண்டிகளுக்குரிய, சாம்பல் குறைந்த வகையாகவே இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை அவிநாசியிலிருந்து பெருந்துறை வரை நெடுஞ்சாலையில் நிறுத்தாமல் சீராக ஓட்டுவது இந்த வடிகட்டிக்குப் பேருதவி. டீசல் ஃபில்டரில் சேரும் நீரை ஒவ்வொரு சர்வீஸிலும் வடிக்கச் சொல்லுங்கள். வால்வுகளை எஞ்சின் சுழற்சியோடு இணைத்து இயக்குவது டைமிங் செயினா, பெல்ட்டா என்பதையும் அறிந்திருங்கள். பெல்ட் ஓட்டத்தில் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சினே பாழாகலாம்.

சிஎன்ஜி கார்களில் எரிவெப்பம் கூடுதல் என்பதால் ஸ்பார்க் பிளக்கையும் வால்வு இடைவெளியையும் பெட்ரோல் காரைவிட முன்கூட்டியே பார்க்க வேண்டும். கேஸ் சிலிண்டருக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை அழுத்தச் சோதனை சட்டப்படி கட்டாயம். ஹைப்ரிட் கார்கள் சிலவற்றில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று பின் இருக்கை அருகேயுள்ள சல்லடை வழியே போகிறது. அதைத் துணியோ பையோ மூடக் கூடாது, சர்வீஸ்தோறும் தூய்மை செய்ய வேண்டும். மின்சாரக் காருக்கு எஞ்சின் ஆயில் இல்லை. ஆயினும் கூலண்ட், பிரேக் ஆயில், டயர் இடமாற்றம் ஆகியவற்றுக்குக் கெடு உண்டு.

எல்லா வகைக்கும் பொதுவானவற்றில் மிகவும் புறக்கணிக்கப்படுவது பிரேக் ஆயில். அது காற்றின் ஈரத்தை மெல்ல உறிஞ்சுவதால் அதன் கொதிநிலை இறங்கிக்கொண்டே வருகிறது. வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளிலோ திம்பத்தின் 27 வளைவுகளிலோ பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது ஆயில் கொதித்தால், மிதி அழுந்தும், வண்டி நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்; இறக்கத்தில் தாழ்ந்த கியரைப் பயன்படுத்துங்கள். கூலண்ட் குறைந்தால் ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்ற வேண்டாம். நம் பகுதி உப்புநீர் ரேடியேட்டருக்குள் படிவாகி அடைத்துவிடும்.

நாள் குறிப்பதில் எனது யோசனை இது: ஆண்டுச் சர்வீஸை ஆடிக் காற்று ஓய்ந்த பிறகு, ஐப்பசி மழைக்கு முன்பாக, ஆயுத பூஜையை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று கிளப்பிய புழுதியும், நூற்பாலை, தென்னை நார் ஆலைப் பக்கங்களில் பறக்கும் தூசும் அப்போது ஏர் ஃபில்டரின் மடிப்புகளில் நிறைந்திருக்கும். அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்து, ஒளி ஊடுருவவில்லையென்றால் ஊதிச் சரிசெய்யாமல் மாற்றிவிட வேண்டும். வைப்பரும் டயரும் மழைக்குத் தயாராக இருக்கின்றனவா என்று அதே நாளில் பார்த்துவிடலாம். பங்குனியில் ஏசியையும் பேட்டரியையும் மட்டும் தனியே சோதித்தால் போதும். ஒவ்வொரு முறையும் தேதி, கிலோமீட்டர், ஊற்றிய ஆயிலின் தரக்குறியீடு மூன்றையும் பில்லில் எழுதித் தரும்படி கேட்டு வாங்கி, வண்டிக்குள்ளேயே வைத்திருங்கள்.