குடல் சிப்: வார்ப்பு முதல் மருந்து வரை

மேலே ஒரு வாய்க்கால், கீழே ஒரு வாய்க்கால், நடுவில் துளையிட்ட சவ்வு. உடல் உறுப்பின் செயலைச் செல்களைக் கொண்டு ஒரு சிறு சிப்பில் போலச் செய்யும் ஆர்கன்-ஆன்-சிப் சாதனங்கள் பலவற்றின் அடிப்படை அமைப்பு இதுதான். இங்கே செய்யப்போவது காக்கோ-2 (மனிதக் குடல் புற்றுநோயிலிருந்து பெறப்பட்ட) செல்கள் வளரும் குடல் சிப். வாய்க்கால் 1 மி.மீ. அகலம், 150 மைக்ரான் உயரம்.

பிடிஎம்எஸ் (ஒளி ஊடுருவும் சிலிக்கோன் ரப்பர்) பிசினுடன் கடினமாக்கியை எடையில் 10:1 கலந்து, வெற்றிடத்தில் குமிழி அடங்கும்வரை வைத்து அச்சில் ஊற்றுங்கள். 65 டிகிரி செல்சியஸில் 4 மணி நேரம் போதும். குழாய் செருகுவதற்கு, வாய்க்கால் இருக்கும் பக்கத்திலிருந்து துளை போடுங்கள், இடம் தவறாது. தூசியை டேப்பால் ஒற்றி எடுங்கள்.

நடுவில் வரும் பிஇடி (பாலியெஸ்டர் பிளாஸ்டிக்) சவ்வு, பிளாஸ்மா (மேற்பரப்பை ஒட்டத் தயாராக்கும் அயனி வாயு) காட்டினால் மட்டும் பிடிஎம்எஸ்ஸோடு ஒட்டாது. முதலில் சவ்வுக்கு பிளாஸ்மா, பிறகு 5% ஏப்டிஎஸ் (ஒட்ட உதவும் சிலேன் வேதிப்பொருள்) கரைசலில் 80 டிகிரியில் 20 நிமிடம், கழுவி உலர்த்தல். பிடிஎம்எஸ்ஸுக்கு பிளாஸ்மா காட்டியதும் சேர்த்து அழுத்த வேண்டும். தாமதித்தால் அதன் மேற்பரப்பு மீண்டும் நீரை விலக்கத் தொடங்கிவிடும். சாய நீர் ஓட்டிக் கசிவு பாருங்கள்.

70% எத்தனாலால் கிருமி நீக்கி, நன்றாகக் கழுவி, செல்கள் ஒட்டிக்கொள்ள, மி.லி.க்கு 50 மைக்ரோகிராம் கொலாஜன், 300 மைக்ரோகிராம் மேட்ரிஜெல் (செல்களைத் தாங்கும் புரதக் கலவை) கலந்த கரைசலை 37 டிகிரியில் 1-2 மணி நேரம் நிரப்பி வையுங்கள். மேட்ரிஜெல் ஐஸிலேயே இருக்கட்டும், சூடானால் குழாய்க்குள்ளேயே ஜெல்லாகிவிடும்.

செல் ஏற்றும்போது பலர் அடர்த்தியைக் குறைத்து மதிப்பிடுகிறார்கள். சவ்வின் மேல் நிற்பது 150 மைக்ரான் நீர் மட்டுமே. அதில் உள்ள செல்கள்தான் படியும். சதுர செ.மீ.க்கு 1.5 லட்சம் வேண்டுமென்றால் மி.லி.க்கு 1 கோடி செல் தேவை. கட்டிகள் வாய்க்காலை அடைக்கும், 40 மைக்ரான் வடிகட்டியில் வடித்தே ஏற்றுங்கள். செல்கள் ஒட்டிய பிறகுதான் பம்ப்: மணிக்கு 30 மைக்ரோலிட்டர். இந்த அளவில் உராய்வு விசை சதுர செ.மீ.க்கு சுமார் 0.02 டைன். வாய்க்கால் உயரம் பாதியானால் இது நான்கு மடங்காகும், ஆகவே அச்சை அளந்து பார்க்காமல் வேகத்தை நிர்ணயிக்காதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் சிப் கெடுவது பெரும்பாலும் குமிழியால்தான். கடந்துபோகும் ஒரு குமிழி செல் படலத்தையே உரித்துவிடும். குளிர்ந்த ஊடகத்தில் (செல்களுக்கான சத்துத் திரவத்தில்) கரைந்திருக்கும் வாயு, இன்குபேட்டர் சூட்டில் வெளியேறுகிறது. ஊடகத்தை முந்தைய இரவே, மூடியைத் தளர்த்தி, இன்குபேட்டரில் வையுங்கள். குழாய் முனையிலும் சிப் துளையிலும் ஒரு துளி நிற்க, துளியோடு துளி சேர்த்துத்தான் குழாயைச் செருக வேண்டும்.

மருந்துச் சோதனை என்றால், பிடிஎம்எஸ் நீரில் எளிதில் கரையாத சிறு மூலக்கூறுகளை உறிஞ்சிக்கொள்ளும். செல் இல்லாத சிப்பிலும் அதே மருந்தை ஓட்டி, வெளியேறும் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இழப்பைக் கழிக்காவிட்டால், குடல் உறிஞ்சியதாகக் காட்டுவது பிடிஎம்எஸ் உறிஞ்சியதாக இருக்கலாம்.