மியூனிக்கில் கையைக் கடிக்காமல் ஊர் சுற்றவும் வெளியில் சாப்பிடவும்

மியூனிக்கில் வந்து இறங்கியதும் முதலில் மிரட்டுவது வீட்டு வாடகை. அதைக் கட்டிவிட்டு மீதியைப் பார்க்கும் பலர், ஊர் சுற்றுவதும் ஓட்டலில் சாப்பிடுவதும் நமக்கு இல்லை என்று முடிவுகட்டி, சனி ஞாயிறு முழுக்க அறைக்குள்ளேயே கிடக்கிறார்கள். அது தேவையே இல்லை. இந்த ஊர்க்காரர்களே சிக்கனமாகச் சுற்றத் தெரிந்தவர்கள். அவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்தாலே பாதிச் செலவு குறையும்.

முதலில் டாய்ச்லாண்ட் டிக்கெட். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. நகரத்துக்குள் ஓடும் மெட்ரோ, டிராம், பேருந்து எல்லாவற்றோடும் நாடு முழுவதும் ஓடும் உள்ளூர் ரயில்களும் இதில் அடக்கம். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் மட்டும் செல்லாது. தெரியாமல் ஏறினாலும் பரிசோதகர் விடமாட்டார். வேலைக்குப் போகிறவர்கள் எச்.ஆரிடம் கட்டாயம் கேளுங்கள். பல நிறுவனங்கள் இதில் ஒரு பங்கை ஏற்றுக்கொள்கின்றன. இது மாதச் சந்தா என்பதையும் மறந்துவிடாதீர்கள். டிசம்பர் முழுக்கச் சொந்த ஊருக்குப் போய் இருக்கப் போகிறீர்கள் என்றால் நவம்பர் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிட வேண்டும்.

குடும்பமாக இருந்தால் கணக்கு வேறு. டாய்ச்லாண்ட் டிக்கெட் ஒருவருக்கு மட்டும்தான். மாமனார் மாமியார் வந்திருக்கிறார்கள், எல்லோரும் சேர்ந்து ஒரு நாள் வெளியே போக வேண்டும் என்றால், மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்துக்குள் ஒரு நாள் செல்லும் பயர்ன் டிக்கெட்தான் சரி. ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம், 14 வயது வரையுள்ள உங்கள் பிள்ளைகளுக்குத் தனியாகக் காசு இல்லை. வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகே செல்லும், சனி ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

சரி, எங்கே போவது? தெற்கே போனால் ஏரிகள். ஷ்டார்ன்பெர்க் ஏரியும் அம்மர் ஏரியும் எஸ்-பான் என்ற புறநகர் ரயிலிலேயே போய்விடும் தூரம். கொஞ்சம் தள்ளி டேகர்ன்சே, ஷ்லியர்சே. மலையையும் ஏரியையும் எல்லோரும் அனுபவிக்கலாம் என்பது பவேரிய அரசியல் சட்டத்திலேயே, 141ஆம் பிரிவில் எழுதப்பட்டிருக்கிற உரிமை. அதனால் நுழைவுச்சீட்டு இல்லாமல் நடக்கவும் குளிக்கவும் கரை கிடைக்கும். டேகர்ன்சே போகும் ரயிலில் ஒரு வில்லங்கம் உண்டு: வழியில் ஹோல்ட்ஸ்கிர்ஷனிலும் ஷாஃப்ட்லாஹிலும் ரயிலைப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் ஒவ்வொரு ஊருக்கு அனுப்புவார்கள். பெட்டிமேல் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் படித்துவிட்டு ஏறுங்கள். இல்லாவிட்டால் சங்கதி தெரிவதற்குள் வேறு பள்ளத்தாக்கில் நிற்பீர்கள்.

நாய்ஷ்வான்ஷ்டைன் கோட்டையை எல்லோரும் கேட்கிறார்கள். உள்ளே போகக் கட்டணம் உண்டு, சுற்றிக்காட்டுவதும் சட்டென்று முடிந்துவிடும். என்னைக் கேட்டால் மரியன்ப்ரூக்க பாலத்தில் நின்று வெளியிலிருந்து பார்ப்பதுதான் அழகு. அதற்குக் காசும் இல்லை.

இப்போது சாப்பாடு. கட்டுச்சோறு எடுத்துப் போனால் யாராவது ஒரு மாதிரி பார்ப்பார்களோ என்று கூச்சப்படுகிறவர்களை முதலில் பியர்கார்டன் என்ற திறந்தவெளி பியர்த் தோட்டத்துக்குத்தான் கூட்டிப்போக வேண்டும். பெயரைப் பார்த்துக் குடிகாரர்கள் இடம் என்று ஒதுங்காதீர்கள். தாத்தா பாட்டி, கைக்குழந்தை எல்லோரும் வருகிற இடம் அது. 1812இல் மன்னர் மாக்ஸ் யோசஃப் காலத்தில் போட்ட உத்தரவின்படி பியர் தயாரிப்பவர்கள் தங்கள் பியர் நிலவறைத் தோட்டத்தில் பியரும் ரொட்டியும் விற்கலாம், மற்ற உணவு விற்கக் கூடாது. அதனால் ஜனங்கள் சாப்பாட்டை வீட்டிலிருந்தே கொண்டு வந்தார்கள். அந்தப் பழக்கம் இன்றும் இருக்கிறது. குடிப்பதற்கு மட்டும் அங்கே வாங்க வேண்டும், சாப்பாடு உங்களுடையதாக இருக்கலாம். மேசை விரிப்பு போட்டிருந்தால் அது பரிமாறும் பகுதி, அங்கே டப்பாவைத் திறக்காதீர்கள். விரிப்பில்லாத மேசையில் புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் தாராளமாகப் பரப்பலாம். பக்கத்து மேசைக்காரர் முள்ளங்கியும் பாலாடைக்கட்டியும் அறுத்துக்கொண்டிருப்பார், "அது என்ன?" என்று கேட்டாலும் கேட்பார். பிள்ளைகள் இருந்தால் ஹிர்ஷ்கார்டன் நல்லது, வேலிக்குள் மான்கள் உண்டு. பியர் வேண்டாம் என்றால் ஆப்பிள் சாறும் சோடாவும் கலந்த அப்ஃபெல்ஷோர்ல, அல்லது கோலாவும் ஆரஞ்சும் கலந்த ஷ்பெட்ஸி. மீன் சாப்பிடுகிறவர்கள் குச்சியில் குத்திக் கனலில் சுட்ட கானாங்கெளுத்தி கிடைக்கிறதா என்று பாருங்கள். நம் மிளகாய்ப்பொடி இல்லாத குறை தெரியும், ஆனாலும் நன்றாக இருக்கும்.

ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட ஆசைப்பட்டால் இரவை விட்டுவிட்டு மதியம் போங்கள். வார நாட்களில் பல கடைகளில் மிட்டாக்ஸ்மெனு என்று மதியச் சாப்பாடு உண்டு. வியட்நாம் கடை, வட இந்தியக் கடை, பவேரியக் கடை எல்லாவற்றிலும் இருக்கும். அதே சமையல்தான், ராத்திரி விலையைவிடக் குறைவு. பில்லை ஏற்றுவது பெரும்பாலும் குடிநீர்தான். நம் ஊர் மாதிரி உட்கார்ந்ததும் தண்ணீர் வைக்கமாட்டார்கள். கேட்டால் பாட்டில் வரும், அதற்கு விலை உண்டு. குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் மதுவில் மிக மலிவானதைவிட விலை கூடாத மது இல்லாத பானம் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, பட்டியலில் அதைத் தேடுங்கள். பவேரியக் கடைகளில் மேசைமேல் கூடையில் பிரெட்சல் வைத்திருப்பார்கள். அது உபசாரம் அல்ல, எடுத்ததை எண்ணிக் காசு கேட்பார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பாலாடைக்கட்டி சேர்த்த நூடுல்ஸ் மாதிரியான கேஸ்ஷ்பெட்ஸ்ல வயிறு நிறைக்கும். காளான் குழம்போடு வரும் ரொட்டி உருண்டையும் நன்று. உருளைக்கிழங்கு என்றவுடன் நம்பிவிட வேண்டாம். வறுவலில் ஷ்பெக் என்ற பன்றிக்கொழுப்பு இருக்கும், சாலடில் இறைச்சிச் சாறு ஊற்றியிருப்பார்கள். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். டிப்ஸ் ஐந்து முதல் பத்து சதவீதம் போதும். மேசையில் வைத்துவிட்டு வராமல், காசு கொடுக்கும்போதே மொத்தமாக எவ்வளவு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிடுவதுதான் இங்கே வழக்கம். சின்னக் கடைகள் சில ரொக்கம் மட்டுமே வாங்கும்.

மழை நாளுக்கு அருங்காட்சியகம். ஞாயிற்றுக்கிழமைகளில் ஆல்ட பினகோதேக் போன்ற அரசு ஓவியக்கூடங்களில் நுழைவு 1 யூரோதான். ஞாயிறு மளிகைக் கடைகள் மூடியிருக்கும் என்பதால் வழிக்கு வேண்டிய பழமும் தயிரும் சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குக் கடையில் 25 சென்ட் திரும்பக் கிடைக்கும்.

மலிவு விமானம் என்று யாராவது மெம்மிங்கன் விமான நிலையத்து டிக்கெட்டைக் காட்டினால், அந்த ஊர் மியூனிக்கிலிருந்து 100 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கிறது என்பதை நினைவில் வைத்துப் பேருந்துச் செலவையும் கூட்டிப் பாருங்கள். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் அதைவிட எளிது. பயர்ன் டிக்கெட்டும் டாய்ச்லாண்ட் டிக்கெட்டும் அந்த ஊர் ரயில் நிலையம் வரை செல்லும், காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். பாஸ்போர்ட்டும் குடியிருப்பு அட்டையும் கையில் இருக்கட்டும். திரும்பும்போது எல்லையிலுள்ள ஃப்ரைலாஸிங்கில் போலீஸ் ஏறிக் கேட்பது சகஜம், போனில் இருக்கும் படத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள்.