மேட் கண்ணுக்குத் தெரிந்தும் புதிர் தப்பிப்போவது ஏன்?

சனிக்கிழமை மாலைகளில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பிள்ளைகளுக்குச் சதுரங்கப் புதிர் வைப்பேன். அங்குள்ள கல்மேசையிலேயே கட்டம் இருக்கிறது, காய்களை மட்டும் கொண்டுபோனால் போதும். அங்கே அடிக்கடி பார்க்கும் தவறுகளை ஒரே புதிரில் காட்டிவிடலாம். உங்கள் பலகையிலும் அடுக்கிக்கொள்ளுங்கள். கட்டத்தின் பெயரில் எழுத்து, வெள்ளைக்கு இடமிருந்து வலமாக ஏ முதல் எச் வரை; எண், வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரை.

வெள்ளை: ராஜா ஜி1, ராணி சி4, குதிரை ஜி5, சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2. கறுப்பு: ராஜா எச்8, ராணி பி2, யானை டி8, சிப்பாய்கள் ஜி7, எச்7. வெள்ளை ஆடி வெல்ல வேண்டும்.

தொடக்கநிலை 5 படிக்கும் ஒரு பையன் பார்த்தவுடன் ராணியை இ4-இல் வைத்தான். "அடுத்து எச்7-ல மேட், அங்கிள்!" குதிரை துணைக்கு இருப்பதால் ராஜாவுக்குத் தப்ப வழியில்லை, அது மேட்தான். ஆனால் அடுத்து ஆடுவது அவன் இல்லையே. கறுப்பு யானை டி1-க்கு இறங்கி, ராஜாவைத் தாக்கிச் செக் வைத்தது. ராணியை இ1-இல் குறுக்கே வைத்தான். யானை அதையும் வெட்டியது, அவனுக்கே மேட். எதிராளி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று நினைப்பதுதான் நான் பார்த்ததிலேயே பெரிய தவறு. மிரட்டினால் அவர் கண்டுகொள்ளாமல் போகலாம், செக் வைத்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதனால் இருக்கிற எல்லாச் செக்கையும் முதலில் தேடுங்கள், உருப்படாது என்று தோன்றுவதையும் சேர்த்து.

கொஞ்சம் பழகியவர்கள் வேறு இடத்தில் சறுக்குவார்கள். ராணியை ஜி8-இல் பலி கொடுத்து, யானை வெட்டியதும் குதிரையை எஃப்7-இல் வைத்து மேட் செய்யும் வித்தை அவர்களுக்குத் தெரியும். உடனே ராணியைத் தூக்கி ஜி8-இல் வைப்பார்கள். சரி, யானை எதற்கு வெட்ட வேண்டும்? அந்தக் கட்டத்துக்குக் காவல் இல்லை, ராஜாவே வெட்டிவிடும். யோசனை சரிதான், வரிசைதான் தப்பு.

முதலில் குதிரை எஃப்7, செக். ராஜா ஜி8-க்குத்தான் போக முடியும். அப்புறம் குதிரை எச்6. இப்போது ராணியும் குதிரையும் சேர்ந்து இரட்டைச் செக், குதிரையை வெட்டினாலும் பயனில்லை. ராஜா எஃப்8 போனால் ராணி எஃப்7-இல் மேட். எச்8-க்குத் திரும்பினால் இப்போது ராணி ஜி8. எச்6 குதிரை காவல் காப்பதால் ராஜா தொட முடியாது, யானைதான் வெட்டியாக வேண்டும். குதிரை எஃப்7, மேட். தன் காய்களுக்கு நடுவிலேயே ராஜா மூச்சுமுட்டி நிற்கும் இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

பலி கொடுத்தால்தான் புதிர் என்றும் நினைக்க வேண்டாம். 2024 டிசம்பர் 12, நம் சிங்கப்பூரின் செந்தோசாவில் உலகச் சதுரங்க வெற்றியாளர் போட்டியின் 14-ஆவது, கடைசி ஆட்டம். அப்போதைய உலக வெற்றியாளர், சீனாவின் டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2-இல் வைத்தார். எதிர்த்து ஆடிய இந்தியாவின் குகேஷ் யானைகளை மாற்றிக்கொண்டு, மந்திரியை டி5-இல் நிறுத்தினார். ஏ8 மூலையில் சிக்கியிருந்த டிங்கின் மந்திரிக்கும் மாற்றத்தைத் தவிர வேறு வழியில்லை. மிஞ்சியவை ராஜாக்களும் சிப்பாய்களும்தான், அதில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். 58-ஆவது நகர்த்தலோடு ஆட்டம் முடிந்தது, 18 வயதில் அவர் உலக வெற்றியாளர். வெறும் காய்மாற்றத்திலேயே வெற்றி இருந்தது.

எம்ஆர்டியில் கைப்பேசிப் புதிர் போடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முதல் நகர்த்தலை ஊகித்துத் தட்டிவிட்டு, சரியென்று வந்தபிறகு அடுத்ததை யோசிக்காதீர்கள். கடைசி மேட் வரை மனத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே தொடுங்கள். அந்தப் பையன் இப்போது இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டுதான் யோசிக்கிறான். போன சனிக்கிழமை, ராஜா எஃப்8 போனால் என்ன ஆகும் என்பதை நான் கேட்கும் முன்பே சொல்லிவிட்டான்.