மனநல மாத்திரைய மாத்தி போட்டுட்டீங்களா? பதட்டத்துல இந்த தப்பெல்லாம் பண்ணிடாதீங்க

ராத்திரி தூக்கக் கலக்கத்துல டப்பாவ திறந்து மாத்திரைய முழுங்கி தண்ணியும் குடிச்சாச்சு, அப்புறம்தான் பாக்கறீங்க, அது உங்க மாத்திரையே இல்ல, அண்ணனோடது. இல்லன்னா சாயங்காலம் போட்டத மறந்துட்டு அதே டோஸ மறுபடியும் போட்டுட்டீங்க. எங்க வீட்லயும் இது நடந்திருக்கு, அந்த நிமிஷம் நெஞ்சு எப்படி படபடன்னு அடிக்கும்னு எனக்குத் தெரியும். சில சமயம் அந்த மாத்திரை பண்றத விட, அதுக்கப்புறம் பயத்துல நாம பண்றதுதான் பெரிய வினையாயிடுது.

உடனே விரல விட்டு வாந்தி எடுக்கறது, உப்புத்தண்ணி கரைச்சு குடிக்கறது, ரெண்டும் வேண்டவே வேண்டாம். இந்த மாத்திரைகள்ல நிறைய மயக்கம் தரும், சிலது வலிப்பையே கொண்டு வரும், அரை மயக்கத்துல வாந்தி வந்தா அது மூச்சுக்குழாய்க்குள்ள போயிடும். உப்ப நிறைய கரைச்சு குடிச்சா ரத்தத்துல சோடியம் ஏறும், அது தனி ஆபத்து. பால் குடிச்சா முறிஞ்சிடும்னு சொல்றதுலயும் அர்த்தமில்ல. ஆஸ்பத்திரில குடுக்கற கரித்தூள் மருந்த வீட்லயே குடுத்துடலாமான்னு சிலர் கேப்பாங்க, அதுவும் கூடாது, மனநிலை ஏறி இறங்கறதுக்கு குடுக்கற லித்தியத்த எல்லாம் அந்தக் கரி பிடிச்சு வைக்கவே வைக்காது.

ரொம்ப பேர் பண்ற தப்பு இன்னொண்ணு, "இப்ப நல்லாத்தான இருக்கேன், படுத்து எழுந்தா சரியாயிடும்"னு விட்டுடறது. இதத்தான் நான் அழுத்தி சொல்லணும்னு நினைக்கறேன். இந்த நிமிஷம் எப்படி இருக்கீங்கங்கறத வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாது. அமிட்ரிப்டிலின் மாதிரி பழைய மன அழுத்த மாத்திரை அதிகமா போயிட்டா முதல்ல வாய் வறண்டு தூக்கம் வர மாதிரிதான் இருக்கும், அடுத்த சில மணி நேரத்துக்குள்ள இதயத் துடிப்பையே தாறுமாறாக்கிடும், அதனாலதான் டாக்டருங்க ஈசிஜி எடுத்துப் பாப்பாங்க. ப்யூப்ரோபியான்ங்கற மன அழுத்த மாத்திரைல மெதுவா கரையற வகை இருக்கு, அதிகமா போட்டவங்களுக்கு ஒரு நாள் வரைக்கும் கூட தாமதிச்சு வலிப்பு வரலாம். ஹாலோபெரிடால், ரிஸ்பெரிடோன் மாதிரி மனச்சிதைவு மாத்திரை போட்டு பழக்கமில்லாதவங்க சிலருக்கு மறுநாள் கூட திடீர்னு கழுத்து ஒரு பக்கமா இழுத்துக்கும், தாடை பூட்டிக்கும், கண்ணு மேல சொருகும், பாக்கறவங்க வேற என்னமோன்னு பயந்துடுவாங்க, ஆனா ஆஸ்பத்திரில ஒரு ஊசி போட்டா பெரும்பாலும் சீக்கிரமே இறங்கிடும்.

பயமுறுத்தறதுக்காக சொல்லல. எஸ்சிடலோபிராம் மாதிரி மன அழுத்த மாத்திரை ஒண்ணு கூடுதலா போயிட்டா பெரியவங்களுக்கு பெரும்பாலும் வயித்தப் பிரட்டறது, தலைவலின்னு போயிடும். ஆனா நம்ம கேஸ் எதுல சேரும்னு நாமளா முடிவு பண்ண முடியாது, விஷ தகவல் மையத்துக்கோ டாக்டருக்கோ போன் பண்ணிதான் கேக்கணும். குழந்தை முழுங்கிட்டா மட்டும் எவ்வளவுன்னு எண்ணிட்டு இருக்காம நேரா ஆஸ்பத்திரி.

போன் பண்ணும்போது ஸ்ட்ரிப் கைல இருக்கணும். மாத்திரை பேரு, எத்தன மில்லிகிராம், எத்தன மாத்திரை, எத்தன மணிக்கு, பேருக்குப் பின்னாடி எஸ்ஆர், எக்ஸ்எல், இஆர்னு எழுத்து இருக்கா (இருந்தா அது மெதுவா கரையற வகை), வயசு, எடை, தினமும் போடற மத்த மாத்திரை, இதயம் கிட்னி பிரச்சனை, கர்ப்பம், எல்லாத்தையும் சொல்லுங்க. "ஏதோ தூக்க மாத்திரை"ன்னு மொட்டையா சொல்லிடாதீங்க, பேரெல்லாம் அவ்வளவு குழப்பும். ரிஸ்பெரிடோனுக்கு பதில் ரோபினிரோல்ங்கற நடுக்குவாத மாத்திரை மாறிப் போறத பத்தி அமெரிக்க மருந்துத் துறை 2011லயே எச்சரிச்சது, பிரிண்டெல்லிக்ஸ்ங்கற மன அழுத்த மாத்திரைக்கு 2016ல பேரையே ட்ரிண்டெல்லிக்ஸ்னு மாத்தினாங்க, ஏன்னா பிரிலிண்டாங்கற இதய நோய் மாத்திரையோட குழம்பிட்டு இருந்தது.

அப்புறம் இந்த பேச்சு, "அவன் தினமும் 300 மில்லிகிராம் போட்டு நல்லாத்தான் இருக்கான், எனக்கு ஒண்ணு போனா என்ன?" அவர் உடம்பு பழகியிருக்கு, உங்களுது பழகல. க்ளோசபின்ங்கற மனச்சிதைவு மாத்திரைய முதல்முதலா ஆரம்பிக்கும்போது 12.5 மில்லிகிராம்ல இருந்துதான் ஏத்துவாங்க, ரெண்டு நாளுக்கு மேல விட்டுப் போனா பழைய ஆளுக்கே திரும்ப அங்கிருந்துதான் ஆரம்பிப்பாங்க, ரத்த அழுத்தம் அவ்வளவு வேகமா இறங்கக்கூடும். பழகாத ஒருத்தர் பழகினவரோட முழு டோஸ போட்டுட்டா அது நேரா ஆஸ்பத்திரி கேஸ்.

தூக்கத்த விரட்ட காபி மேல காபி குடிக்கறது, பதட்டம் தணிய மதுவத் தொடறது, தலைவலிக்குன்னு இன்னொரு மாத்திரை போடறது, எதுவும் வேணாம். ட்ராமடால்ங்கற வலி மாத்திரை, சில இருமல் சிரப்ல இருக்கற டெக்ஸ்ட்ரோமெதார்பன் எல்லாம் மன அழுத்த மாத்திரையோட சேந்தா செரடோனின்ங்கற மூளை ரசாயனம் எகிறி வேர்வை, நடுக்கம், காய்ச்சல், பேதி, ஒரே பரபரப்புன்னு வரலாம். லித்தியம் அதிகமா போயிருந்தா ஐபுப்ரோஃபன் பக்கமே போகாதீங்க, லித்தியம் உடம்ப விட்டு வெளிய போறத அது குறைச்சுடும். வண்டியும் ஓட்டாதீங்க.

எழுப்பினா எழும்பல, மூச்சு மெதுவாகுது, வலிப்பு, மயங்கி விழறது, நெஞ்சு தாறுமாறா அடிக்கறது, உளறல், இதுல எது வந்தாலும் ஆம்புலன்ஸ கூப்பிட்டுட்டு ஆள ஒருக்களிச்சு படுக்க வைங்க, தனியா விடாதீங்க, மூச்சு வருதான்னு பாத்துட்டே இருங்க.

அடுத்த வேளை மாத்திரைய என்ன பண்றதுங்கறதுலயும் தடுமாறுவோம். பயத்துல எல்லாத்தையும் ஒரு வாரம் நிறுத்திடறவங்க இருக்காங்க, பேராக்சிடின், வென்லாஃபேக்சின் மாதிரி மன அழுத்த மாத்திரைய சட்டுனு நிறுத்தினா தலைசுத்தல், ஷாக் அடிக்கற மாதிரி உணர்வுன்னு அது வேற தொந்தரவு. அடுத்த டோஸ் எப்போன்னு அதே போன்ல கேட்டுடுங்க.

வெக்கத்துல மறைக்காதீங்க, இத கெஞ்சியே கேக்கறேன். வீட்ல ஒருத்தர் மனநல மாத்திரை சாப்பிடறது வெளிய தெரிஞ்சிடுமேன்னு "சாப்பாடு ஒத்துக்கல"ன்னு டாக்டர் கிட்ட சொன்னா அவர் தப்பான இடத்துல தேடுவார். உண்மையில தவறுதலா போடல, மனசு தாங்காம போட்டதுன்னா அதையும் அப்படியே சொல்லுங்க, யாராவது திட்டுவாங்களோன்னு யோசிச்சு நேரத்த விடாதீங்க, அதுக்கும் உதவி அங்கயே கிடைக்கும்.

எங்க வீட்ல அன்னிக்கு நடந்ததுல ரொம்ப திண்டாடினது ஒரே விஷயத்துல, ஸ்ட்ரிப்ப துண்டு துண்டா வெட்டி வச்சிருந்தோம், மாத்திரை இருந்தது, பேரு இருந்த ஓரம் குப்பைக்கு போயிருந்தது. டாக்டர் போன்ல காத்திருக்க, பழைய மருந்துச் சீட்டத் தேடி பாதி வீட்ட கொட்டினோம். இப்பல்லாம் பேரு அச்சடிச்ச பக்கத்து மாத்திரைய கடைசியாத்தான் எடுக்கறோம், ஒவ்வொருத்தர் மாத்திரையும் வேற வேற ரூம்ல இருக்கு.