கல்யாணக் களேபரம் ஓய்ந்த வீடு: எங்கே தொடங்குவது?

கடைசி உறவுக்காரரையும் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பினால் வீடு முழுக்கச் சாமான். கூடத்தில் மிஞ்சிய தாம்பூலப் பைகள், சமையலறையில் யாருடையது என்றே தெரியாத தூக்குவாளிகள், கட்டிலில் மடிக்காத பட்டுப்புடவைகள். மறுநாளே எல்லாவற்றையும் ஒழிக்கப் புறப்படுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடப்பது. மதியத்துக்குள் இடுப்பு பிடித்துக்கொள்ளும், இரவுச் சாப்பாடு மறுபடி ஓட்டலிலிருந்து வரும். ஒழிப்பது ஒரு வாரம் காத்திருக்கட்டும். முதலில் காலை நேரத்தை மீட்க வேண்டும், அதற்கு வழி இட்லி மாவு.

மாவு இருக்கிற வீட்டில் நான்கு நாளைக்குக் காலைப் பலகாரம் என்ன என்ற யோசனையே கிடையாது. 4 ஆழாக்கு இட்லி அரிசிக்கு 1 ஆழாக்கு உருட்டு உளுந்து, 1 டீஸ்பூன் வெந்தயம். மதியம் 12 மணிக்கு ஊறப்போட்டால் 4 மணிக்கு அரைக்கலாம். சில வாரம் ஓடாத கிரைண்டரில் ஊசல் வாடை தங்கியிருக்கும். ஊறிய அரிசியில் ஒரு கைப்பிடி போட்டு ஓட்டி, அந்த மாவைக் கொட்டி, கல்லைக் கழுவிவிட்டுப் பிறகு உளுந்தைப் போடுங்கள். உளுந்துக்கு 25 முதல் 30 நிமிடம் ஆகும். குளிர்ந்த தண்ணீரைத் தெளித்துத் தெளித்து அரைக்க வேண்டும். மொத்தமாக ஊற்றினால் மாவு உபரி காணாது. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும், அதுதான் பதம். அரிசியைச் சன்ன ரவையாக எடுத்தால் போதும். உப்புப் போட்டுக் கையால் கரைத்து, பாத்திரத்தில் பாதி அளவுக்கு மேல் நிரப்பாமல் வையுங்கள். வெயில் காலத்தில் 8 மணி நேரத்தில் பொங்கிவிடும், மார்கழியில் 12 மணி நேரம்கூட ஆகும். பொங்கியதும் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும்.

உறை மோரும் கல்யாணக் கூட்டத்தில் தொலைந்திருக்கும். பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி தயிர் வாங்கி, காய்ச்சி ஆறவைத்த பாலில், விரல் வைத்தால் சுகமான சூடு தெரியும்போது ஊற்றுங்கள். பால் கொதிக்கக் கொதிக்க இருந்தால் உறை செத்துப்போகும். பால்காரரிடம் பழைய அளவை முந்தின நாள் மாலையே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் கல்யாணக் கணக்கிலேயே பால் வந்து இறங்கும்.

தூக்கம் கெட்டிருந்தால் படுக்கும் நேரத்தோடு மல்லுக்கட்டாதீர்கள். எழும் நேரத்தைப் பிடியுங்கள். 5.30 என்றால் ஞாயிறும் 5.30. பகலில் கண்ணயர்வது அரைமணிக்கு மேல் போகக்கூடாது. இரவில் 20 நிமிட வேலை ஒன்று இருக்கிறது: தொட்டியில் ஒரு பாத்திரமும் இல்லாமல் கழுவுவது, அடுப்பு மேடையைத் துடைப்பது, குடிதண்ணீர் பிடித்து வைப்பது, பள்ளிச் சீருடையை எடுத்து வைப்பது. களைப்பாக இருந்தால் மற்றதை விடலாம், பாத்திரத்தை விடக்கூடாது. காலையில் எச்சில் காய்ந்த பாத்திரத்தோடு தொடங்கும் நாளில் எல்லாமே அரைமணி தள்ளித்தான் நடக்கும்.

சாமான்களில் தாமதிக்க முடியாதவையும் உண்டு. வாடகை அண்டா, ஜாரணி, நாற்காலிக்கெல்லாம் நாள் கணக்கில் காசு ஓடும். எடுத்த சீட்டை வைத்து எண்ணிப் பார்த்து மறுநாளே அனுப்புங்கள். குறைவது பெரும்பாலும் கரண்டிதான், எச்சில் இலையோடு போயிருக்கும். அறுத்த பூசணித் துண்டு சீக்கிரம் அழுகும், முழுக் காய் மாதக்கணக்கில் கிடக்கும். தேங்காயைக் குடுமியோடு வையுங்கள். உடைத்த மூடிகளைத் துருவி ஃப்ரீசரில் போடலாம். சோஃபாவையும் பீரோவையும் நகர்த்திப் பாருங்கள். ஒரு லட்டு உருண்டு கிடந்தால் போதும், எறும்புப் படையே வந்துவிடும்.

தொட்டியில் தண்ணீர் மெதுவாக இறங்கினால் எண்ணெய்ப் பிசுக்கும் சோறும் அடைத்திருக்கும். ஆசிட் ஊற்ற அவசரம் வேண்டாம். கீழே வாளி வைத்து, வளைவுக் குழாயின் அடி மூடியைக் கையால் திருகிக் கழற்றினால் அடைப்பு கையிலேயே வரும். மாட்டும்போது ரப்பர் வளையம் இடம் மாறினால் ஒழுகும், அதைமட்டும் கவனியுங்கள்.

பட்டுப்புடவையை வியர்வையோடு மடித்து வைப்பதுதான் பெரிய நஷ்டம். நிழலில் ஒரு நாள் காற்றாட விட்டு, பருத்தித் துணியில் சுற்றுங்கள். அந்துருண்டை சரிகையில் பட்டால் சரிகை கறுக்கும். நலங்கு மஞ்சள் பட்ட வேட்டி சோப்புப் போட்டதும் சிவந்து பயமுறுத்தும். மஞ்சள் சோப்பின் காரத்துக்கு அப்படித்தான் நிறம் மாறும். நன்றாக அலசி உச்சி வெயிலில் காயப்போட்டால் கறை வெளுத்துவிடும், இரண்டு மூன்று வெயில் தேவைப்படலாம்.

மொய் நோட்டை ஒரு வாரத்துக்குள் திருத்தி எழுதுங்கள். 'முருகன், 500' என்று மட்டும் இருந்தால் அடுத்த வருடம் எந்த முருகன் என்று யாருக்கும் தெரியாது. வீட்டுப் பெரியவரை உட்காரவைத்து ஊர், உறவுமுறை, யார் மகன் என்பதைப் பெயருக்குப் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.